கேரவன் நாறுதா? முதல்ல அந்த ஸ்ப்ரேயைக் கீழே வையுங்க

1/
அமெரிக்காவில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் கோடை விடுமுறைக்கு ஆர்.வி. வாடகைக்கு எடுத்து, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று சுற்றுவது இப்போது சகஜமாகிவிட்டது. கூடவே இன்பாக்ஸில் ஒரு கேள்வியும் வருகிறது.
"டாக்டர், வண்டிக்குள்ள ஒரே நாத்தம். என்ன ஸ்ப்ரே அடிச்சா போகும்?"
இந்த இழை அந்தக் கேள்விக்கான பதில். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

2/
ஆர்.வி. என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: சினிமா ஷூட்டிங்கில் நடிகர்களுக்காக நிற்குமே கேரவன், அதன் குடும்ப வடிவம். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும்.
அடியில் மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று. பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீருக்கு ஒன்று. டாய்லெட் கழிவுக்கு ஒன்று.
அதாவது நீங்கள் தூங்கும் கட்டிலுக்கு சில அடி தூரத்தில் உங்கள் செப்டிக் டேங்க் இருக்கிறது. கூடவே கேஸ் சிலிண்டர், பேட்டரி, சில வண்டிகளில் ஜெனரேட்டர்.

3/
என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
நாற்றம் என்பது காய்ச்சல் மாதிரி. அது நோய் இல்லை, நோயின் அறிகுறி. காரணம் தெரியாமல் ஐந்து நாளாக பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொண்டிருப்பவரை நாம் என்ன சொல்வோம்? கேரவனில் ஸ்ப்ரே அடிப்பதும் அதே கதைதான்.
இன்னும் ஒரு படி மேலே சொன்னால், ஸ்ப்ரே அடிப்பவர் உங்களுக்கு இலவசமாக வந்த ஓர் எச்சரிக்கை மணியின் வாயைப் பொத்துகிறார்.

4/
நம் மூக்கின் பலவீனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே வாசனையில் சில நிமிடங்கள் இருந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். மீன் மார்க்கெட்டுக்குள் நுழையும்போது வரும் வாடை, பேரம் பேசி முடிப்பதற்குள் காணாமல் போவது இதனால்தான். வாடை அங்கேயேதான் இருக்கிறது. மூக்குதான் பழகிவிட்டது.
வயதாக ஆக மோப்பம் குறையும். 80 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வாசனை அறியும் திறன் குறைந்திருக்கும். கோவிட் வந்து போன பிறகு மோப்பம் முழுதாகத் திரும்பாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

5/
ஆகவே முதல் விதி: "எனக்கு ஒண்ணும் நாறலையே" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.
எல்லோரும் வண்டியை விட்டு இறங்கி, வெளிக்காற்றில் ஒரு கால் மணி நேரம் நடங்கள். பிறகு கதவைத் திறந்து உள்ளே நுழையும் முதல் பத்து நொடிகளில் என்ன வாடை, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். அதுதான் நம்பகமான பரிசோதனை.
கர்ப்பிணிகள், குழந்தைகள் "நாறுது" என்று சொன்னால் அலட்சியம் வேண்டாம்.

6/
எங்கள் எமர்ஜென்சி வார்டில் வரிசையில் முதலில் நிற்பவரை முதலில் பார்ப்பதில்லை. உயிருக்கு ஆபத்து யாருக்கோ அவரைத்தான் முதலில் பார்ப்போம். நாற்றத்தையும் அப்படியே பிரியுங்கள்.
டாய்லெட் வாடை அருவருப்பானது. ஆனால் பெரும்பாலும் அவசரம் இல்லை.
உடனே கவனிக்க வேண்டியவை நான்கு: கேஸ் வாடை, புகை வாடை, கருகல் வாடை, அம்மோனியா வாடை.
ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

7/
கேஸ் வாடை.
ஆர்.வி. அடுப்பு, ஹீட்டர், பல ஃப்ரிட்ஜுகள் ஓடுவது புரொபேன் வாயுவில். புரொபேனுக்கு இயல்பாக வாசனையே கிடையாது. அழுகிய முட்டைக்கோஸ் போன்ற அந்த வாடை எத்தில் மெர்காப்டன் என்ற ரசாயனத்துடையது. வேண்டுமென்றே கலக்கிறார்கள்.
ஏன்? 1937இல் டெக்ஸாஸின் நியூ லண்டன் பள்ளியில் வாசனையில்லாத எரிவாயு கசிந்து வெடித்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் வாடை சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள்.
அத்தனை உயிர்களைக் கொடுத்துப் பெற்ற வாடை அது. அதன் மேல் லாவெண்டர் அடிக்கலாமா?

8/
கேஸ் வாடை வந்தால்: லைட், ஃபேன் ஸ்விட்ச் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அடுப்பு பற்றவைக்கக் கூடாது. எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியே இருக்கும் சிலிண்டர் வால்வை மூடுங்கள். தள்ளிப் போய் நின்று 911ஐ அழையுங்கள்.
புரொபேன் காற்றைவிட கனமானது. தரையில் தேங்கும். வண்டியில் கேஸ் அலாரத்தைத் தரையை ஒட்டி வைத்திருப்பது அதனால்தான். அதன் முன்னால் பெட்டி, செருப்பு எல்லாம் அடுக்காதீர்கள்.
சிலிண்டர் தீரும் நேரத்தில் வாடை கொஞ்சம் தூக்கலாக வருவது உண்டு. ஆனால் அதுதான் காரணம் என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம்.

9/
புகை வாடை.
ஜெனரேட்டர் புகை உள்ளே லேசாக அடித்தாலும் அதோடு கார்பன் மோனாக்சைடும் வருகிறது என்று அர்த்தம். அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.
தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அசதி. "ஃப்ளூ போல இருக்கு, படுத்தா சரியாயிடும்" என்று நினைத்துப் படுப்பார்கள். அந்தத் தூக்கம்தான் ஆபத்து.

10/
ஃப்ளூவா, விஷவாயுவா என்று எப்படிச் சந்தேகப்படுவது? காய்ச்சல் இல்லை. வண்டிக்குள் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி. வெளியே வந்தால் தேவலாம் போல இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் விஷவாயு என்றே எடுத்துக்கொண்டு வெளியேறுங்கள், 911ஐ அழையுங்கள்.
முக்கியமாக ஒன்று. கோவிட் காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி "98 காட்டுது, ஒண்ணும் இல்ல" என்று திரும்பப் படுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவி ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே படிக்கும். நன்றாக ஏமாற்றும்.
மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனையில்தான் உண்மை தெரியும். சிகிச்சை, அதிக அளவில் ஆக்சிஜன்.

11/
"இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம்" என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிய வந்தது.
ஏசி வேண்டும் என்று ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்குவது, எந்த நாட்டு கேரவனாக இருந்தாலும், நான் ஒருபோதும் பரிந்துரைக்காத விஷயம்.

12/
கருகல் வாடை.
பிளாஸ்டிக் கருகும் வாடை எல்லோருக்கும் தெரியும். மீனே சமைக்காத வண்டியில் மீன் வாடை வந்தால் பலருக்குப் புரியாது. சூடேறிய ஸ்விட்ச், பிளக், ஒயர் இன்சுலேஷன் சில நேரம் அப்படித்தான் வாடை அடிக்கும்.
கேம்ப் கிரவுண்டில் கரண்ட் எடுக்கும் பெரிய பிளக்கின் பின்கள் கறுத்திருக்கிறதா, உருகியிருக்கிறதா என்று பாருங்கள். பார்ப்பதற்கு முன் கம்பத்தில் இருக்கும் பிரேக்கரை அணையுங்கள். உருகியிருந்தால் மாற்றும் வரை கரண்ட் வேண்டாம்.

13/
அம்மோனியா வாடை.
பழைய ஆர்.வி. ஃப்ரிட்ஜுகள் பலவற்றில் கம்ப்ரெஸ்ஸர் இருக்காது. கேஸ் சுடரின் சூட்டில் அம்மோனியாவைச் சுற்றவிட்டுக் குளிராக்கும் வகை அவை. குழாய் ஓட்டையானால் கண்ணைக் கரிக்கும் நெடி வரும், பராமரிப்பில்லாத பொதுக் கழிப்பறையில் வருமே அது மாதிரி. ஃப்ரிட்ஜின் பின்பக்கம் மஞ்சள் படிவும் தெரியலாம்.
வீட்டில் யாரையும் "டாய்லெட்டை சரியா கழுவினியா?" என்று கேட்பதற்கு முன் ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். நெடி அங்கே என்றால் அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் முதலில்.

14/
இன்னொரு ஏமாற்றுக்காரன் பேட்டரி. லெட் ஆசிட் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆனால் அழுகிய முட்டை வாடை வரும். எல்லோரும் டாய்லெட் தொட்டியைச் சந்தேகப்படுவார்கள். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றக்கூடியது.
அந்த ஹைட்ரஜன் கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் அடிக்க வைக்கும். அதற்காக "இது சும்மா அடிக்குது" என்று அலாரத்தைக் கழற்றி வைப்பவர்களுக்குக் கும்பிடு போட்டுக் கேட்கிறேன், தயவுசெய்து வேண்டாம். அலாரம் அடித்தால் முதலில் வெளியே. காரணம் பிறகு தேடலாம்.

15/
சரி, உயிராபத்து எதுவும் இல்லை. வெறும் டாய்லெட் நாற்றம்தான். அடுத்து என்ன?
நாங்கள் நோயாளியிடம் கேட்பது போல வண்டியிடம் கேளுங்கள். எப்போது வருகிறது? வண்டி ஓடும்போதா, நிற்கும்போதா? தண்ணீர் திறக்கும்போதா? மேல்கூரை ஃபேன் போடும்போதா? வெயில் ஏறும்போதா? எந்த மூலையில் அதிகம்?
இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் பாதி நோய் பிடிபட்டது மாதிரி.

16/
மேல்கூரை ஃபேன் ஓடும்போது நாறினால்: அந்த ஃபேன் உள்காற்றை வெளியே இழுக்கிறது. ஜன்னல் எல்லாம் மூடியிருந்தால் ஈடுகட்டும் காற்று எங்கிருந்து வரும்? நீங்கள் டாய்லெட்டை ஃப்ளஷ் செய்யும் அந்த நொடியில் தொட்டியிலிருந்து வரும்.
நாற்றம் போகட்டும் என்று போட்ட ஃபேன்தான் நாற்றத்தை உள்ளே இழுக்கிறது!
ஃப்ளஷ் செய்யும்போது ஃபேனை அணையுங்கள், அல்லது ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.
அடுத்து, டாய்லெட் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் கீழே உள்ள ரப்பர் சீல் போய்விட்டது. மாற்றுவது சின்ன வேலை.

17/
சிங்க், ஷவர் பக்கம் நாறினால்: அடியில் வளைந்த குழாய் இருக்கும். நம்ம ஊர் பிளம்பர்கள் ட்ராப் என்பார்கள். பாத்ரூம் தரையில் வைக்கும் நஹானி ட்ராப்பும் இதே தத்துவம்தான். அந்த வளைவில் நிற்கும் ஒரு குவளைத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் கதவு.
வண்டி பல வாரம் சும்மா நின்றால் அது வற்றும். வண்டி குலுங்கினால் சிந்தும்.
வைத்தியம்: ஒவ்வொரு சிங்க்கிலும் ஷவரிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். அவ்வளவுதான். செலவு பூஜ்யம்.

18/
தண்ணீர் ஊற்றியும் போகவில்லையா? சிங்க் அடியில் காற்றை உள்ளே மட்டும் விடும் ஒரு சின்ன பிளாஸ்டிக் வால்வு இருக்கும். அது பழுதானால் நாற்றம் வெளியே வரும். மாற்றிவிடலாம்.
அடுத்து, தொட்டியின் காற்றைக் கூரைக்கு மேலே கொண்டுபோகும் குழாய். அதில் குளவி, குருவி கூடு கட்டினால் காற்று போக வழியில்லாமல் உள்ளே வரும். கூரையில் ஏறிப் பார்க்க வேண்டும். வயதானவர்கள் ஏற வேண்டாம். நாற்றத்தைத் தேடிப் போய் இடுப்பெலும்பு முறிந்தால் என் வேலைதான் கூடும்.

19/
தொட்டியே நாறினால்: பெரும்பாலும் காரணம் தண்ணீர் சிக்கனம். கேம்ப் கிரவுண்டில் குழாயை மாட்டி, கழிவுத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைப்பார்கள். திரவம் ஓடிவிடும். திடக்கழிவு குவிந்து மலையாக நிற்கும். பிறகு எந்த மருந்து ஊற்றினாலும் கரையாது.
மலச்சிக்கல் நோயாளிக்கு நான் சொல்வதைத்தான் உங்கள் தொட்டிக்கும் சொல்கிறேன். தண்ணீர், தண்ணீர், தண்ணீர். வால்வை மூடி வையுங்கள். முக்கால்வாசி நெருங்கும்போது முழுதாகத் திறந்து விடுங்கள். பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். முதலில் கழிவுத் தொட்டி, அடுத்து குளியல் தண்ணீர்த் தொட்டி. அப்போதுதான் குழாயும் கழுவப்படும்.

20/
சுடுதண்ணீர் மட்டும் முட்டை வாடை அடித்தால்: குற்றவாளி ஹீட்டர். துரு பிடிக்காமல் இருக்க உள்ளே வைக்கும் மக்னீசியக் கம்பியும், தண்ணீரில் உள்ள சல்பேட்டும், அதைத் தின்னும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்யும் வேலை. ஹீட்டரை அணைத்து, முழுதாக ஆறிய பிறகு காலி செய்து அலசுங்கள்.
நல்ல தண்ணீர்த் தொட்டிக்கு, வாசனை சேர்க்காத சாதா பிளீச், சுமார் 57 லிட்டருக்கு 60 மில்லி. ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும் வரை ஓடவிட்டு, ஓர் இரவு வைத்து, காலி செய்து, வாடை போகும் வரை அலசுங்கள்.
பிளீச்சை டாய்லெட் ஆசிட்டோடும் அம்மோனியாவோடும் கலக்கவே கலக்காதீர்கள். இரண்டுமே விஷவாயு கிளப்பும்.

21/
நமுத்த வாடை, ஈரச் சாக்கு வாடை: எங்கோ கூரையோ ஜன்னல் ஓரமோ ஒழுகுகிறது. சுவர்ப் பலகையை விரலால் அழுத்துங்கள். தரையை மிதித்துப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே மக்கியிருக்கிறது. பூஞ்சை ஆஸ்துமாக்காரர்களுக்கு எதிரி. ஒழுகலை அடைக்காமல் பூஞ்சையைத் துடைப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போல.
செத்த எலி வாடை: அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இது வெறும் நாற்றப் பிரச்சினை இல்லை. அங்குள்ள மான் எலியின் சிறுநீர், புழுக்கையிலிருந்து ஹான்டா வைரஸ் தொற்றும். 2012இல் யோசெமிட்டி பூங்காவில் தங்கியவர்களில் 10 பேருக்கு வந்து 3 பேர் இறந்தார்கள்.
துடைப்பம், வேக்கம் கிளீனர் கூடாது. தூசியாகப் பறந்து நுரையீரலுக்குப் போகும். கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பேப்பரால் எடுங்கள்.

22/
"எங்க வண்டி புதுசு டாக்டர், புது வாசனைதான் வருது."
2005இல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களை அமெரிக்க அரசு டிரெய்லர் வண்டிகளில் குடியமர்த்தியது. கண் எரிச்சல், மூச்சுத் திணறல், தலைவலி என்று மக்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அங்குள்ள நோய்க்கட்டுப்பாட்டு மையம் 519 வண்டிகளை ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டது. காற்றில் ஃபார்மால்டிஹைடு சராசரியாக 100 கோடியில் 77 பங்கு. சாதாரண வீடுகளைவிடப் பல மடங்கு. காரணம், மரத்தூள் பலகைகளை ஒட்டும் பசை.
2010இல் பலகைகளுக்குத் தனிச் சட்டமே வந்தது. ஆனாலும் புது வண்டியை வெயிலில் மூடி வைத்துவிட்டு உடனே ஏறிப் படுக்காதீர்கள். ஜன்னல்களைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள்.
"மூக்கு எரியுது" என்று சொன்ன ஏழைகளை நம்புவதற்கு ஒரு அரசுக்கு இரண்டு வருடத்துக்கும் மேல் ஆனது என்பதையும் நினைவில் வையுங்கள்.

23/
ஓசோன் மெஷின் வைத்தால் எல்லா நாற்றமும் போகும் என்று விற்கிறார்கள். உடலுக்கு ஆபத்தில்லாத அளவில் ஓசோன் நாற்றத்தைப் பெரிதாக நீக்காது. நாற்றத்தை நீக்கும் அளவுக்கு வைத்தால் நுரையீரலுக்கு ஆகாது.
பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா? உள்ளே நுழைந்ததும் கமகமவென்று மணந்தால் சந்தோஷப்படாதீர்கள். எதை மறைக்கிறார்கள் என்று கேளுங்கள். "ஸ்ப்ரே எதுவும் அடிக்காம, ஒரு நாள் மூடி வைங்க, நாளைக்கு வந்து பார்க்குறேன்" என்று சொல்லுங்கள். மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.

24/
இப்போது கொஞ்சம் கோபமாக ஒரு விஷயம்.
கேரவன் நாறினால் நம்ம வீடுகளில் முதலில் திட்டு வாங்குவது யார்? வீட்டுப் பெண்கள். "சரியா கழுவல, குழந்தை டயப்பரை எங்க போட்ட?" சுற்றுலா வந்த இடத்திலும் அவர் கையில் துடைப்பம்.
மேலே சொன்ன பட்டியலைத் திரும்பப் படியுங்கள். ரப்பர் சீல், வற்றிய ட்ராப், அடைத்த குழாய், பேட்டரி, ஃப்ரிட்ஜ். எத்தனை காரணம் சுத்தமின்மை? கிட்டத்தட்ட எதுவும் இல்லை. நாற்றத்தை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்ப்பதை நிறுத்தினால்தான் காரணத்தைத் தேடவே ஆரம்பிப்போம். திட்டு விழும் என்று பயந்து ஒருவர் வாயை மூடிக்கொள்ளும் வீட்டில், கேஸ் கசிந்தாலும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

25/
வாடகைக்கு எடுக்கும்போது செய்ய வேண்டியது:
கேஸ் அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், புகை அலாரம் மூன்றையும் பட்டனை அழுத்தி அடிக்க வையுங்கள். அதன் மேல் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். இந்தக் கருவிகளுக்கும் மாத்திரை மாதிரி காலாவதி உண்டு. காலாவதியானது பச்சை விளக்கு காட்டினாலும் நம்ப வேண்டாம்.
சிலிண்டர் வால்வு எங்கே, எப்படி மூடுவது என்று கேட்டு வையுங்கள். குடும்பத்தில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும்.
ஏர் ஃப்ரெஷ்னர் இலவசமாகத் தரும் நிறுவனங்கள், வேலை செய்யும் அலாரம் தருகிறார்களா என்று நாம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

26/
கடைசியாக ஒன்று. கழிவுத் தொட்டியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் முட்டை நாற்றம் அடிக்கும். அளவு 100 பிபிஎம் தாண்டினால் மூக்கின் மோப்ப நரம்பையே செயலிழக்கச் செய்துவிடும். "நாத்தம் போயிடுச்சு" என்று தோன்றும் அந்த நேரம்தான் ஆபத்தின் உச்சம். நம்ம ஊரில் செப்டிக் டேங்கில் இறங்கியவரைக் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறப்பது இப்படித்தான். எந்தத் தொட்டிக்குள்ளும் யாரும் தலையை விடக் கூடாது, எவரையும் இறக்கவும் கூடாது.
கேரவனோ, வாடகை வீடோ, சொந்த வீடோ, நாறினால் ஜன்னலைத் திறங்கள், காரணத்தைத் தேடுங்கள். ஸ்ப்ரேயை அதன் பிறகு, தேவைப்பட்டால், அடித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் தேவைப்படாது.
ஆர்.வி. பயணம் போகும் உறவுகளுக்கு இதை அனுப்பி வையுங்கள்.